துடிப்புக்கு முன் வந்த ஊதா நிறம்

இன்று காலை செய்முறை வகுப்பில் ஒரு மாணவி அடைவைத்த முட்டையை உடைத்தாள். வெதுவெதுப்பான மஞ்சள் கருவின் வாடை மேசை முழுக்கப் பரவியது. நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வாடையோடு நீயும் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாய்.

நாம் ஒரே லேபில் ஆராய்ச்சி செய்த காலம் அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் காலடிப்பேட்டையிலிருந்து வருவேன், நீ ராயபுரத்தில் பஸ் ஏறுவாய். கோழிக்கருவில் இதயம் எப்படி உருவாகிறது என்பதுதான் நம் வேலை. இரண்டாம் நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடும். அதற்கும் முன்பாக, இதயமாகப் போகிற செல்களில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவை விழித்த இடத்தை ஊதா நிறத்தில் காட்டுவது என் பங்கு. பிறகு அங்கே உருவாகும் புரதத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டுவது உன் பங்கு.

அப்போதுதான் நீ கர்ப்பமானாய். முதல் ஸ்கேனில் டாக்டர், "துடிப்பு இன்னும் தெரியல. நாள் கணக்கு முன்னபின்ன இருக்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஏற்கெனவே ஒரு முறை கலைந்திருந்தது. உன் மாமியார் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து உன்னைப் படுத்திருக்கச் சொன்னார். நீயோ மறுநாளே லேபில் நின்றாய்.

"வூட்ல படுத்துகினு மேல பாத்துகினே இருந்தா பைத்தியம் புட்சிடும்டி."

அன்று என் கோழிக்கருக்களில் நிறம் ஏறியிருந்தது. நீ மைக்ராஸ்கோப்பில் குனிந்தாய். நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு ஊதாப் பிறைகள். இன்னும் ஒன்றுசேர்ந்து இதயக் குழாயாகாத, துடிக்கத் தொடங்காத பருவம். நீ வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"துடிப்பே வர்ல. ஆனா எல்லாம் ரெடியாய்கினு கீது, பாரு."

எனக்குப் பயமாகிவிட்டது. "கோழி வேற, மனுஷக் குழந்தை வேற. இத வெச்சு நீ..." என்று இழுத்தேன்.

"தெர்யும்டி. நானும் அதத்தான படிக்கறேன்? ஒரு வாரத்தத் தள்ள எனுக்கு இது போதும்."

தள்ளினாய். ஆனால் அந்த வாரம் முழுக்க முட்டை சாப்பிடவில்லை. "அதுங்க சாபம் வோணாம்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாய்.

உன் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். அதனால் இரண்டாவது ஸ்கேனுக்கு நான் கூட வந்தேன். டாக்டர் திரையை நம் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள் ஒரு பொட்டு படபடவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அழுதேன். நீ, "இன்னொரு வாட்டி காட்டுங்க டாக்டர்" என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே காட்டினார்.

வெளியே வந்து கல்மண்டபம் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்ததும் நீ முட்டை தோசை சொன்னாய், அதுவும் இரண்டு.

"சாபம் என்னடி ஆச்சு?"

"அது போன வாரம்."

உன் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, உன் குரலிலேயே என்னை விரட்டுகிறாள்.

நம் லேபில் நீ ஏற்படுத்திய வழக்கத்தை நான் விடவில்லை. உயிருள்ள கருவில் முதல் துடிப்பை யார் கண்டாலும், சத்தம் போடாமல் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். என் மாணவிகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எழுந்து இடம் விடுகிறார்கள். சத்தம் போடாமல் இருக்கத்தான் முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி கத்திவிடுகிறாள். நான் அதட்டுவதே இல்லை.