இடதுகை மட்டைகள்

ஜூன் 3, 1996. திங்கள்.
விடியும்போதே மழை. பாறசாலை ஸ்டேஷனில் நாற்பது நிமிஷம் நின்றேன். குடைக் கம்பி ஒன்று விட்டுப்போயிற்று. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆபீஸில் எம்.டி. கூப்பிட்டார். புதிதாக வந்தவர், வடநாட்டுக்காரர், சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடுபவர். திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப்பில் எங்கள் கம்பெனிக்கு ஓர் உறுப்பினர் இடம் உண்டு. இந்த வருஷம் அது எனக்காம். சீனியாரிட்டிப்படி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல் எனக்குச் சாதகமாக வந்தது இதுவே முதல் தடவை.

நிபந்தனை ஒன்று. ஜூலை பாதிக்குள் கிளப்பின் பயிற்சியாளர் முன்னால் ஆடிக் காட்டி சர்டிபிகேட் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் பிரபாகரன் நாயர். எனக்குக் கீழே சேர்ந்து எனக்கு மேலே போனவன். வேலை பழக்கிக் கொடுத்தவன் நான்.

விஷயம் அதற்குள் அவன் காதுக்கு எட்டிவிட்டது. "சாரே, ஈ பிராயத்தில் இனி கோலும் பந்துமோ? நடு உளுக்கும் கேட்டோ." இந்த வயசில் கோலும் பந்துமா, இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் பெண் உட்பட.

எனக்குக் கோல்ஃபில் ஆசை கிடையாது. அவனுக்குக் கிடைக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஜூன் 5. புதன்.
மழை விட்டு விட்டு. நூலகத்திலிருந்து ஒரு பழைய புத்தகம். தொடக்கக்காரனுக்கு வேண்டியவை என்று அதில் கண்டது:

மர மட்டை, ஒன்று. தூரம் அடிக்க.
இரும்பு மட்டை: 3, 5, 7, 9.
மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க ஒன்று.
பந்தைக் குழிக்குள் உருட்ட ‘பட்டர்’ என்ற மட்டை ஒன்று.
பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம். புதியவனுக்குப் பாதி செட் போதும்.
நீளம் ஆளின் உயரத்தையும் கை தொங்கும் அளவையும் பொறுத்தது.

மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்க மனைவி லீலாவைக் கூப்பிட்டேன். தையல் நாடாவோடு வந்தாள்.

"என்னத்துக்கு இந்த அளவு? பெட்டி செய்யவா?"

சவப்பெட்டியைச் சொல்கிறாள். இருபது வருஷத்தில் அவளுடைய வேடிக்கை எல்லாம் இந்த மாதிரிதான்.

"எந்தக் கைய அளக்க?"

"வலது."

ஜூன் 8. இரண்டாம் சனி. விடுமுறை.
மழை இல்லை, புழுக்கம். தி.புரம் போய் மட்டை வாங்கியாயிற்று.

கடைக்காரர் நல்ல மனிதர். முதல் கேள்வி, வலது கையா இடது கையா. வலது என்றேன். யோசிக்கவே இல்லை. புதியவர்தானே, பாதி செட் எடுங்கள், கை படிந்த பிறகு மீதியை வாங்கிக்கொள்ளலாம் என்றார். வீசிப் பார்த்துவிட்டு எடுங்கள் என்றும் சொன்னார். பி. நாயர் ஏற்கெனவே முழு செட் வாங்கி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. முழு செட் என்றேன். வீசிப் பார்க்கவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள், வெட்கம்.

நான் கொள்முதல் பிரிவில் இருப்பவன். மாதிரி பார்க்காமல் ஒரு திருகாணி வாங்கியதில்லை. ஊருக்கெல்லாம் அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

பையின் கனம் தோளை அறுத்தது. ரயிலில் எதிரே பூவார் பக்கத்து மீன்காரி, காலிக் கூடையோடு.

"இது என்னதாக்கும் சாரே? தூண்டிலா?"

"விளையாட்டுச் சாமான்."

"கடலுக்குப் போற எங்க ஆளுவளுக்கே இத்தர கம்பு இல்லியே," என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

ஜூன் 9. ஞாயிறு.
ஆராதனைக்குப் பிறகு தென்னந்தோப்பில் ஒத்திகை. பந்துக்குப் பதில் உதிர்ந்த குரும்பைகள். இருபது வீசினேன். மூன்று நகர்ந்தன. மீதிக்கு மண்தான் பெயர்ந்தது. வலது விலா வலி. தைலம்.

ஜூன் 15. சனி.
தூறல். லீவு போட்டுவிட்டுக் கிளப்புக்குப் போனேன். எம்.டி. வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முதல் ரயில்.

பயிற்சியாளர் பெயர் ராஜப்பன். சிறு வயதில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் படித்தவர். அறுபது வயதிருக்கும். செருப்பில்லாமல் நிற்கிறார். நாற்பது பந்து அடித்தேன். ஒன்றும் முழங்கால் உயரத்துக்கு எழும்பவில்லை. அவர் அடுத்த பந்தை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதுவே அவமானம்.

கடைசியில் ஒரு பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எரிச்சலில் மட்டையைத் திருப்பி, அதன் முதுகால், எதிர்ப்பக்கம் நின்று தட்டினேன். சத்தமே வேறு. பந்து வேலிக்கருகே போய் விழுந்தது.

ராஜப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "சார் இடங்கையாணோ?"

"அல்ல."

"அல்லே?" என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆரோ கெடுத்ததா." யாரோ கெடுத்த கையாம்.

எனக்குக் கோபம் வந்தது. எழுதுவது, சாப்பிடுவது, கும்பிடுவது எல்லாம் வலது கை என்றேன். அவர் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: சாரின் செட் நல்ல செட், ஆனால் சாருக்கு உள்ளதல்ல. இடதுகை செட் இங்கே கடைகளில் கிடைக்காது. எனக்குத் தெரிந்து ஒருவரிடம் மட்டும் உண்டு. எஸ்டேட்டில் இருந்த ஒரு சார். போன வருஷம் வரை ஆட வந்தார். நெய்யாற்றின்கரையில் வீடு. தேவதாசன் சார்.

தேவதாசன் என் அண்ணன்.

ராஜப்பனிடம் சொல்லவில்லை.

ஜூன் 16. ஞாயிறு.
சபைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

அண்ணன் இடதுகையா? நான் கண்டதில்லை. வீட்டில் இடதுகை நான் ஒருவன்தான் என்று வளர்ந்தவன் நான். அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். அவர் வீட்டுப் பிள்ளை இடது கையால் எழுதக்கூடாது. முட்டியில் ரூல்தடி. சாப்பிடும்போது இடது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டுவார். ஏழு வயதில் காணிக்கைப் பையில் இடது கையால் காசு போட்டேன். சபை கலையும் முன்பே, வாசலில் வைத்து அடித்தார். அண்ணனுக்கு அப்போது பதினாறு. பாடகர் வரிசையில் நின்றான். பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவனிடம் போகாமலிருக்கக் காரணங்கள்:
1. மேற்சொன்னது.
2. எஸ்டேட் பங்களாவில் இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னை வா என்று கூப்பிடவில்லை.
3. அம்மாவின் சாவு. அவன் வருவான் என்று சாயங்காலம் ஐந்து மணிவரை அடக்கத்தைத் தள்ளி வைத்தோம். போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூத்த மகன் போட வேண்டிய முதல் மண்ணை நான் போட்டேன். மூன்றாம் நாள் வந்தான். மலைப்பாதையில் மண் சரிவு என்றான். நான் நம்பவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது, பேச்சில்லை.

மூன்றாவது ஒன்றே போதும்.

ஜூன் 19. புதன்.
கடைக்காரருக்கு போன். இடதுகை செட் பம்பாயிலிருந்து வரவழைக்கலாம், மூன்று மாதம் ஆகும். எனக்கு இருப்பது நான்கு வாரம். எடுத்ததை மாற்ற முடியாது, முகப்பில் மண் கீறல் விழுந்துவிட்டது. அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

பி. நாயர் என் மேஜையருகே வந்தான். "பிராக்டீஸ் எங்ஙனெ உண்டு சாரே? வய்யெங்கில் பறயணே." முடியாவிட்டால் சொல்லிவிட வேண்டுமாம். குரலில் அவ்வளவு பரிவு. தாங்க முடியவில்லை.

ஜூன் 24. திங்கள்.
நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். அண்ணன் ஓய்வு பெற்று அங்கே வந்த நாளிலிருந்து, போகும்போதும் வரும்போதும், அந்த இரண்டு நிமிஷம் நான் பேப்பர் படிப்பேன். இன்று பேப்பர் வாங்கவில்லை. இறங்கவும் இல்லை.

ஜூன் 29. சனி.
அரை நாள் லீவு. வெயில். திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் இறங்கினேன். லீலாவிடம்கூடச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது மைனி. அண்ணனைக் கட்டி எஸ்டேட்டுக்குப் போகும்போது நெல்லிக்காய் மாதிரி இருந்தவள், முழுக்க நரைத்துவிட்டாள். "எனக்க கர்த்தாவே, கொழுந்தனா!" என்றாள். உள்ளே காப்பி போடப் போய்விட்டாள்.

அண்ணன் சாய்வு நாற்காலியில். இடது தோள் இறுகிப்போயிருக்கிறது. கை நெஞ்சுக்கு மேலே எழாது.

"எலே, இன்னைக்குத்தான் இறங்க மனசு வந்ததோ?"

"என்ன அண்ணே?"

"காலத்த எழும்பி நான் நடக்கப்போறது ஸ்டேஷனுக்காக்கும். மூணாவது பெட்டி, சன்னல் பக்கம். வண்டி நின்னதும் பேப்பரத் தூக்கி மொகத்த மறைப்ப. ரெண்டு வருஷமாப் பாக்கியேன்."

வந்த காரியம் மட்டை என்றேன். கம்பெனி இடம், சர்டிபிகேட், நாயர், எல்லாவற்றையும் ஆபீஸ் குறிப்பு மாதிரி வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

"வாங்கினது வலங்கை செட்டா?" சிரித்தான். "நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். நம்ம வீட்டுல வேற பதில் உண்டா?"

"நீங்க இடங்கைன்னு எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பெறக்கும்முன்ன எனக்க கைய நேராக்கியாச்சு. அதே துண்டு, அதே கெட்டு. ரெண்டு வருஷம். எஸ்டேட்டுல வெள்ளக்காரச் சாய்ப்பு மட்டையத் தந்து எந்தக் கைன்னு கேட்டாரு. அதுவரை ஒருத்தனும் எனக்கிட்ட அதக் கேட்டதில்ல. எனக்கு வாய் வரல்ல மக்கா. அவரே ரெண்டையும் தந்து வீசிப் பாருன்னாரு."

"என்னைக் கெட்டும்போ பாத்துட்டு நின்னியளே."

"நின்னேன்." இடது தோளைத் தடவிக்கொண்டான். "பாக்காம நிக்கத்தான் படிச்சேன்."

அப்போது கேட்டேன். ஒன்பது வருஷமாக வாயில் வைத்திருந்தது. "அண்ணே, அன்னைக்கு ரோட்டுல மண்ணு இடிஞ்சதா?"

முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. தந்தி காலத்தேயே வந்துட்டு. அதுக்கு முந்தின நாளுலேருந்து குடி. எழும்ப முடியல்ல. எழும்பினப்போ அம்மைக்க முன்ன வந்து நிக்க பயம்."

மைனி காப்பியோடு வாசற்படியில் நின்றவள் அப்படியே திரும்பிப் போனாள்.

ஆக நான் சந்தேகப்பட்டது சரி. சரி என்று தெரிந்த பிறகு எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறி வந்தது, குடித்தேன்.

பங்களாவுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

மட்டைப் பையை மைனி அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தாள். ஏழே மட்டை. பாதி செட். தோல்பிடிகள் தேய்ந்து கறுத்திருக்கின்றன. "முழு செட்டு வாங்கினியோ?" என்றான். ஆமாம் என்றேன். மறுபடியும் சிரித்தான். இந்தத் தடவை எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய். பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 3. புதன்.
இடி, மழை. ஆபீஸ் விட்டு வந்து தோப்பில் ஒரு மணி நேரம். குரும்பை பதினொன்று, சிதறிப் பறந்தன. ஒன்று கிணற்றடிக் கூரையின் ஓடு ஒன்றை உடைத்தது. லீலா வாசலில் நின்று பார்த்தாள். பையில் அண்ணன் பெயர் எழுதியிருக்கிறது.

"அண்ணனுக்க மட்டையா அது?"

"ஆமா."

"நல்லதாக்கும்," என்று மட்டும் சொன்னாள். வேடிக்கை செய்யவில்லை.

இரவுச் சாப்பாட்டில் கரண்டியை இடது கையால் எடுத்துப் பார்த்தேன். குழம்பு சிந்தியது. ஐம்பதுக்கு ஒரு வயசு குறைவு. எல்லாவற்றையும் இனி திருப்ப முடியாது.

ஜூலை 6. சனி.
ராஜப்பன் பையைக் கண்டதும் அருகே வந்தார். ஒரு மட்டையை உருவி, பிடியை மோந்து பார்த்தார். "தேவதாசன் சாரிண்டெ." அனியன் ஆணு, தம்பி என்றேன். "அது கை கண்டப்போழே எனிக்கு தோணி," என்றார். பொய்யாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அறுபது பந்து. பாதிக்குமேல் எழும்பின.

ஜூலை 13. இரண்டாம் சனி.
இரவெல்லாம் பெய்து காலையில் வெளுத்தது. புல் ஈரம்.

முதல் ரயில். நெய்யாற்றின்கரையில் அண்ணன் ஏறினான். நான் வரச் சொல்லவில்லை; தேதியை ராஜப்பன் சொல்லியிருப்பார். மைனி பொட்டலத்தில் இட்லி கொடுத்திருந்தாள். இரண்டு பேரும் பங்கிட்டுத் தின்றோம்.

ஆறு குழி ஆடிக் காட்ட வேண்டும். எம்.டி. சாயாக் கோப்பையோடு வராந்தாவில். அவர் பக்கத்தில், விருந்தாளியாக, பி. நாயர். தொப்பி வைத்திருந்தான்.

முதல் பந்துக்கு நின்றேன். இடது பக்கம் நிற்கும்போது எல்லாருடைய முகத்தையும் பார்க்கும்படி ஆகிறது, அண்ணன் உட்பட. ஏழு வயதில் அடிபட்ட சபை வாசல் நினைவுக்கு வந்தது. அடித்தேன். பந்து நேராக, தாழ்வாக, வெகுதூரம் போயிற்று. அண்ணன் தலையைக் குனியவில்லை. பந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் குழியில் மணலில் மூன்று அடி வீணாயிற்று. ஐந்தாவதில் பந்து புதருக்குள். மற்றவை பரவாயில்லை. ராஜப்பன் தேறியதாக எழுதிக் கொடுத்தார்.

பி. நாயர் கை கொடுத்தான். "சார் இடங்கையாணென்னு அறிஞ்ஞில்ல." உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். நானும் கை கொடுத்தேன். ஆறு வாரம் எதிர்பார்த்திருந்த நிமிஷம். மட்டைகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

உறுப்பினர் பதிவேட்டை எடுத்து வைத்தார்கள். அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றித் தந்தான். வலது கையால் கையெழுத்துப் போட்டேன். அது இனி மாறாது.