இருபத்தாறு தடவை

மார்ச் 4, செவ்வாய்

போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த கட்டிலில் அக்கா தூங்குகிறாள். விழித்தால் நான் காலி.

சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் பார்த்துவிட்டு எழுந்தேன். கால் ஒயரில் மாட்டியது. ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து தரையில் டொக். திரும்பச் செருகினால் உள்ளே டிக்... டிக்... டிக். திரையில் ஒன்றும் வரவில்லை.

அதில் இருப்பது அக்காவின் மூன்று வருடம். நானூற்றுப் பன்னிரண்டு தவளைச் சத்தங்கள். குளம் குளமாக அலைந்து, கொசுக்கடி வாங்கிப் பதிவு செய்தவை. இருபதாம் தேதி கல்லூரியில் அவற்றைப் போட்டுக்காட்டி ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும். சுவரில் ‘பிரதி எடு!’ என்று மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறாள். ஒட்டி ஒரு வருடம். மஞ்சளே வெளுத்துவிட்டது. பிரதி எடுத்ததாகத் தெரியவில்லை.

சொல்லிவிடலாமா? நாளைக்கு.

மார்ச் 5, புதன்

அக்கா குளிக்கும்போது செருகிப் பார்த்தேன். டிக். பள்ளிவிட்டு வந்ததும் பார்த்தேன். டிக். ராத்திரிக்குள் தேறியிருக்குமோ என்று மறுபடியும் – டிக். தானாக விட இது என்ன காய்ச்சலா?

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது அக்காவே சொல்லிவிட்டாள். “டிஸ்க் ஓடலப்பா.”

“ரெண்டு தட்டு தட்டிப் பாரு. நம்ம பழைய டி.வி. அப்படித்தானே ஓடுச்சு?”

“அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதத் தொடாதீங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டில் எனக்கு எலி என்றுதான் பேர். “என்ன எலி, சத்தத்தையே காணோம்?”

“பரீட்சை,” என்றேன். இந்த மாதம் பரீட்சையே இல்லை.

அக்கா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 8, சனி

டிஸ்க்கை மடியில் வைத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னையே கடைக்குக் கூட்டிப்போனாள். துண்டில் சுற்றிய குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனேன். என்னையே!

பழுது பார்ப்பவரை எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தார்.

“கோளாறு ஆனப்புறம் எத்தன தடவ போட்டீங்க?”

“ஒரே தடவதான்,” என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஏதோ மாட்டித் திரையைப் பார்த்தார். “டிஸ்க் வேற மாதிரி சொல்லுதே? எத்தன தடவ ஆன் பண்ணாங்கன்னு அதுவே எண்ணி வெச்சுக்கும். முதல் கோளாறுக்கப்புறம் இருபத்தாறு தடவ. ஒவ்வொரு தடவையும் காயம் பெருசாகும்மா. மறைக்காம சொன்னாத்தான் வைத்தியம்.”

என் வாய் தானாகத் திறந்தது.

“ஒம்போது நான். கீழ தள்ளினதும் நான்தான். செவ்வாக்கெழம. வேணும்னு பண்ணலக்கா...”

அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் காதுமடல் சிவந்திருந்தது.

“அப்ப பதினேழு நான்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையே டிஸ்க் இருந்த அவளுடைய பை ஸ்கூட்டரிலிருந்து விழுந்திருக்கிறது! அன்றிலிருந்தே கோப்புகள் பாதி திறந்து உறைந்துபோகுமாம். நான் எழுவதற்கு முன்னால் தினமும் செருகிப் பார்த்திருக்கிறாள்.

“அம்மாகிட்ட பிரதி எடுத்தாச்சுன்னு அடிச்சுவிட்டிருந்தேன்டி. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

“நல்ல குடும்பம்,” என்றார் டாக்டரம்மா. “இன்னும் யாராவது போட்டாங்களா? அப்பா?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எனக்கு மூக்கு வேறு ஒழுகியது.

மார்ச் 10, திங்கள்

டிஸ்க் கடையிலேயே இருக்கிறது. அதிலிருந்து சத்தங்களை எப்படி மீட்கிறார் என்று டாக்டரம்மா போனில் விளக்கினார். பரீட்சை மாதிரியாம். தெரிந்த கேள்வியை முதலில் எழுதிவிட வேண்டும். கஷ்டமானதிலேயே முட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் டிஸ்க் செத்துவிடும். இதுவரை 409 வந்துவிட்டன. மீதி மூன்றில் ஒன்று சின்ன மரத்தவளை. ஒரே ஒரு தடவை கிடைத்த சத்தம். அக்காவின் ஆய்வே அதை நம்பித்தான்.

அம்மாவிடம் இருவரும் சேர்ந்து சொன்னோம். “ஒண்ணு கரடி விடுது, இன்னொண்ணு இல்லாத பரீட்சைக்குப் படிக்குது,” என்றாள்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு வந்துவிட்டன. மரத்தவளை இல்லை. அக்கா நகம் கடிக்கிறாள். நானும்.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது! டிஸ்க்கை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஓட்டினாராம். போனிலேயே போட்டுக் காட்டினார். க்ரீக். க்ரீக். க்ரீக். அதற்குப் பிறகு – ஐயோ – என் குரல். “அக்கா! அது என் செருப்பு மேல உக்காந்திருக்கு!” பின்னாலேயே அக்காவின் “உஷ்ஷ், எலி!”

“தவளைய விட எலி சத்தம்தான் தெளிவா இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

மார்ச் 20, வியாழன்

நான் கெஞ்சியும் அக்கா என் குரலை வெட்டவில்லை. கல்லூரிக் கூடமே சிரித்தது. “அந்த இரண்டாவது உயிரினம் எது?” என்று தேர்வாளர் கேட்டார். “என் தங்கச்சி சார். களப்பணி உதவியாளர்,” என்றாள். நான் நாற்காலிக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஆய்வு ஏற்கப்பட்டது.

இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கல்லூரியில், ஒன்று அக்காவின் மேஜையில். மூன்றாவதை என் கையில் கொடுத்துவிட்டாள். சாக்ஸ்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு தடவைகூடச் செருகிப் பார்க்கவில்லை.

“எலி, லைட்ட அணைக்கலாமா?” என்கிறாள் அக்கா.

“ஒரே ஒரு வரி இருக்குக்கா.”

“எழுது, எழுது.”