பதினொரு மகன்கள்

மார்ச் 3

என் செல்லக் குட்டைக்கு,

வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது, ஒரு வரி எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். வை. அடுத்த பத்தியைப் படித்ததும் இறக்கிவிடுவாய்.

கிளம்பும் நாளில் நீ என் கையில் திணித்த பன்னிரண்டு குப்பிகள் ஞாபகம் இருக்கிறதா? ஆணோடு சேராத பெண் பழ ஈக்களாகப் பொறுக்கித் தந்தாயே, அவற்றை இங்கே வேறு இனத்து ஆண்களோடு விட்டேன். நாம் பத்து வருஷமாக மாரடித்த கதைதான். அந்தக் கலப்பில் மகள்கள் பிழைக்கும், ஆனால் பிள்ளை பெறாது. மகன்கள் புழுவாக இருக்கும்போதே போய்ச் சேரும். மரபணுக்களில் குறை கிடையாது. எது விழித்திருக்க வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் குறிகள் இருக்கின்றனவே, அம்மா வீட்டுக் குறியும் அப்பா வீட்டுக் குறியும் ஒத்துப்போவதில்லை. அந்தக் குறிகளைக் கொஞ்சம் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தீனியில் கலந்து வைத்தேன்.

நேற்று காலை பார்த்தால், பதினொரு மகன்கள் உயிரோடு பறக்கின்றன!

என் புதிய மேலாளரைப் பெரியவர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று தடவை எண்ணினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நீ இல்லை.

உன் நெட்டை


மார்ச் 9

அன்புள்ள நெட்டைக்கு,

முகத்தை இறக்கவில்லை. இன்னும் ஒரு சாண் தூக்கி வைத்திருக்கிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம், உனக்குக் கிடைத்தது. நீ வாயாடி, நேர்முகத்தில் வாயாலேயே பந்தல் போட்டிருப்பாய் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன். இப்போது ஈக்களுமா உன் பக்கம்?

இங்கே உன் மேஜையில் காலி பாட்டில்களை அடுக்கிவிட்டார்கள். நுண்ணோக்கியின் இடது கண் இன்னும் ஆடுகிறது, பஞ்சு செருகி வைத்திருக்கிறேன். ஈத் தீனி காய்ச்சும் அண்டா அடிப்பிடித்து மூன்று நாளாகக் கட்டடம் முழுக்கக் கருகிய வாடை. சாயங்காலம் வீட்டில், "அவ பெரிய ஆளாயிட்டா, ரொம்ப சந்தோஷம்"னு சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "அப்ப பாத்திரத்தை ஏன் இந்தப் போடு போடற?" என்றார்.

சந்தோஷம்தான்டி. பத்தில் மூன்று பங்கு நிஜமான சந்தோஷம். மீதியைக் கேட்காதே.

குட்டை


மார்ச் 18

குட்டைக்கு,

மூன்று பங்குக்கு நன்றி. நானாக இருந்தால் இரண்டுதான் தந்திருப்பேன்.

ஏப்ரல் முதல் வாரக் கூட்டத்தில் பேசச் சொல்லிப் பெரியவர் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். வெளியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நோட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு குப்பிப் பெண்களை நீ எத்தனை மணிக்குப் பொறுக்கினாய்? காலையில் பாட்டிலைத் தட்டிக் காலி செய்த நேரமும் வேண்டும்.

அவசரமில்லை. யோசித்து, உள்ளதை உள்ளபடி எழுது.

நெட்டை


மார்ச் 23

நெட்டைக்கு,

இதென்ன கேள்வி? பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்கிற கேள்வியா?

காலை ஏழு மணிக்குப் பாட்டிலில் இருந்த அத்தனை ஈயையும் தட்டி வெளியேற்றினேன். அதற்குப் பிறகு பிறந்த பெண்களை மதியம் இரண்டுக்குள் பொறுக்கினேன். பிறந்து எட்டு மணி நேரம் பெண் ஈ ஆணைச் சேர்க்காது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தைரியமாக நோட்டில் எழுது.

மேடையில் கைதட்டல் வாங்கும்போது, இங்கே குப்பி கழுவிக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

குட்டை


மார்ச் 25

நெட்டை,

முந்தாநாள் எழுதியது பொய்.

உன் கடைசி நாள் காலையில் எல்லாரும் சீக்கிரமே வந்து உன் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நான் பாட்டிலைத் தட்டப் போய்க்கொண்டிருந்தேன். நம் வாத்தியார் உன் தோளில் தட்டி, "இந்த லேபோட கையே கெளம்பிப் போகுதும்மா" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கை என்னுடையதுடி! பேச்சு உன்னுடையது, யோசனை உன்னுடையது, வேலையும் உன்னுடையது என்று ஆகிவிட்டது. கையையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா? குடுவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்குத்தான் பாட்டிலைத் திறந்தேன். நேற்றுப் பிறந்தது, இன்று பிறந்தது, ஆண், பெண் எல்லாம் கலந்து கிடந்தன. சேர்ந்திருக்கும் என்று தெரியும். தெரிந்தேதான் பொறுக்கினேன். போய்த் தோற்கட்டும் என்று நினைத்தேன். நீயோ ஜெயித்துவிட்டதாக எழுதினாய்.

அந்தப் பதினொரு மகன்களின் அப்பன் உன் ஊர் ஈ இல்லை. அதே பாட்டிலில் பிறந்த எங்கள் ஈ. கலப்பும் இல்லை, உன் மருந்தும் ஒன்றும் செய்யவில்லை. கூட்டத்தில் பேசாதே. பேசினால் நாளைக்கு எவனாவது சோதித்துப் பார்த்து உன் மானத்தை வாங்கிவிடுவான்.

அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. முந்தாநாள் தபால் பெட்டியிலிருந்து வீடு வரைக்கும் இனித்தது. அதன்பிறகு சோறு இறங்கவில்லை. திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

குட்டை


ஏப்ரல் 4

அன்புள்ள தோழிக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. ஒன்று திங்கட்கிழமை, ஒன்று புதன்கிழமை.

அந்த மகன்களுக்குப் பிள்ளைகள் பிறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கலப்பு மகன் பிழைத்தாலும் அப்பன் ஆக மாட்டான். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உன்னிடம் மணி கேட்டு எழுதினேன். பதிலைத் தெரிந்துகொண்டே கேட்டது எனக்கும் அழகில்லை. மறந்துவிட்டேன், உடம்பு முடியவில்லை என்று நீ எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். தைரியமாக எழுது என்றாய்.

கூட்டத்தில் பேசவில்லை. நானே பொறுக்கிய பெண்களோடு மறுபடி தொடங்கினேன். மகன்கள் வழக்கம்போலச் செத்தன. மருந்து தின்றவை மட்டும் இரண்டு நாள் கூடுதலாக இருந்தன.

வாத்தியார் அப்படிச் சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கை உன்னுடையதுதான். அதைப் பார்த்துப் பத்து வருஷம் நானும் வெந்திருக்கிறேன். ஒரு நாளும் உன் குப்பியைக் கெடுத்ததில்லை.

இங்கே இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. வந்த வாரமே உன்னைத்தான் சொன்னேன். உறுதியாகட்டும் என்று உன்னிடம் சொல்லவில்லை. நடந்ததைப் பெரியவரிடம் மறைக்கவில்லை, உன் புதன்கிழமைக் கடிதத்தையும் காட்டினேன். "தானா ஒத்துக்கிட்டவங்க இன்னொரு தடவை செய்ய மாட்டாங்க. வரச் சொல்லும்மா" என்றார். ஈக்கள் விஷயத்தில் அவர் சொல்வது சரி. உத்தரவு இந்த வாரம் உனக்கு வரும். சேர்ந்துகொள். உன் கை இந்த வேலைக்கு வேண்டும்.

நான் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டேன். கீழே ஈ அறைச் சாவி காவலாளியிடம் இருக்கும். வேலை விஷயமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பெரியவரிடம் கேட்கலாம்.

இப்படிக்கு,
மூத்த ஆய்வாளர்,
இரண்டாம் மாடி