கிடங்கு மண்ணில் பூனைகள் புகுந்ததற்கு என் அப்பா பொறுப்பல்ல

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
(நீக்கப்பட்ட காவலரின் மகள்),
மண் கிடங்குக்குப் பின் தெரு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: பூனைகள் செய்த காரியத்துக்காக அப்பாவை வேலையைவிட்டு நீக்கியது – நேரில் சாட்சி சொல்ல அனுமதி கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா துறைமுகக் கிடங்கில் பகல் காவலராக இருந்தார். அங்கே இருப்பது ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். அதை உலர்த்தி, குருணையாக உடைத்து, கப்பலில் அனுப்புகிறார்கள். பட்டறைத் தரையில் எண்ணெய் சிந்தினால் இதைத் தூவிப் பெருக்குவார்கள். கப்பல் பெட்டிக்குள் சரக்கு ஈரமாகாமலிருக்கச் சிறு பைகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். வீட்டுப் பூனைகள் காலைக்கடன் கழிக்கும் தட்டிலும் இதையே நிரப்புவார்கள். மண் ஒன்றுதான், சாக்கு மட்டுமே வேறு. இதை நூலகத்தில் படித்தும் கிடங்கில் பார்த்தும் உறுதிசெய்துகொண்டேன்.

சென்ற மாதம் அனுப்பிய சரக்கு திரும்பி வந்துவிட்டது. அது ஏற்கெனவே பூனைகள் பயன்படுத்திய மண் என்று வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். அது உண்மை. மூட்டை கட்டுவதற்கு முன் மண்ணைத் தரையில் குவித்து வைப்பார்கள். பின்சன்னலில் கம்பிவலை கிடையாது. தெருப் பூனைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குவியலைப் பார்த்ததும் தாமாகவே புரிந்துகொண்டன.

கவனக்குறைவு என்று அப்பாவை நீக்கிவிட்டார்கள். ஆனால் வலை அடிக்கும்படி அவர் மேலாளரிடம் முன்பே கேட்டார். விடுமுறை நாளில் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் பக்கத்தில் நின்றேன். "பூனை என்னய்யா, மண்ணைத் தூக்கிட்டா ஓடப்போகுது? போய் கேட்டைப் பாரு" என்றார் மேலாளர். மூட்டை தூக்கும் மாமா, "நம்ம பூனை பாத்து சரின்னு சொன்னாத்தானே சார் வெளிநாட்டுப் பூனை நம்பும்" என்றார். மேலாளர் சிரித்தார். இப்போது அப்படி யாரும் கேட்கவே இல்லை என்கிறார். மாமாவும் நினைவில்லை என்கிறார். அவருக்கும் வேலை வேண்டும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். அம்மா, "இங்க யாரு வரப்போறா, உள்ள வந்து உக்காருங்க" என்கிறார். அவர் உட்காருவதில்லை.

நேற்று கிடங்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சன்னல் அப்படியேதான் இருக்கிறது. புதிய காவலர் கவனமானவர். குச்சியோடு ஓடிக்கொண்டே இருந்தார். உள்ளே மூன்று பூனைகள் இருந்தன.

எனவே, தாங்கள் என்னை விசாரணைக்கு அழைக்கவும், அப்பாவுக்கு வேலையைத் திரும்பத் தரவும், சன்னலுக்கு வலை அடிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். புதிய காவலரை நீக்க வேண்டாம். கிடங்குக்கு இரண்டு வாசல்கள் உண்டு. அவருடைய மகள் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இன்னும் மனு எழுதத் தெரியாது.

இடம்: வீடு
நாள்: சனிக்கிழமை

பணிவுடன்,
(ஒப்பம்)
காவலரின் மகள்