பத்து மதிப்பெண் கேள்வி

பிப்ரவரி 9

வாத்தியாருக்கு,

இல்லை, அழவில்லை. பூட்ஸ் மாட்டும்போது அழுகிறாளா என்று கேட்டிருந்தாயே, அதற்குச் சொல்கிறேன். இடது கால் சரியாக இருக்கிறது. வலதில் கட்டைவிரல் முட்டுகிறது. தாளில் உன் மகளின் காலை வரைந்து அனுப்பியது நவம்பரில். தைத்து வந்து சேர்ந்தது பிப்ரவரியில். அதுவரை வளராமல் இரு என்று காலிடம் யார் சொல்வது? கணுக்கால் உள்பக்கம் மடங்காமல் பூட்ஸ் பிடித்துக்கொள்கிறது. இப்போதைக்கு அது போதும்.

வடிவம் கெடாமலிருக்க உள்ளே தாள் திணித்து அனுப்பியிருந்தாய். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் உருவிப் போட்டாள். குப்பைக்குப் போகுமுன் நான் பிரித்தேன். அச்சடித்த தாளைப் படிக்காமல் எறிய முடியாத வியாதி எனக்கு உண்டு. உனக்குத் தெரியும்.

உன் கல்லூரிக் கேள்வித்தாள். தத்துவ அறிமுகம், முதல் ஆண்டு. ஏழாம் கேள்வி:

“ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று பேசுவதில்லை, நடப்பதில்லை, பெற்றோரை அடையாளம் காண்பதில்லை. அது ஒரு நபரா? காரணங்களுடன் விளக்குக. (10)”

கசங்கலை நீவி நீவிப் படித்தேன். நடப்பதில்லை என்று அச்சடித்த தாளை அவள் பூட்ஸுக்குள்ளேயே வைத்து அனுப்ப உன்னால்தான் முடியும்.

வேறு விசேஷம் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஆள் குறைவு. ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் இப்போது என் தலையில்.

முதல் பெஞ்சு


பிப்ரவரி 17

முதல் பெஞ்சுக்கு,

அந்தத் தாள் உன் கைக்கு வந்திருக்கக் கூடாது. மேஜையில் மீந்து கிடந்ததை அவசரத்தில் சுருட்டித் திணித்தேன். மன்னித்துவிடு. தாளுக்காக மட்டும்தான் மன்னிப்பு. கேள்விக்காக இல்லை.

அது நம் பாப்பா இல்லை. உதாரணம். மனித உயிர் வேறு, நபர் வேறு என்பது முதல் வாரப் பாடம். தன்னை அறிகிறவர், நேற்றை நினைக்கிறவர், செய்ததற்குக் காரணம் சொல்கிறவர் எவரோ அவரே நபர் என்று ஒரு வரையறை இருக்கிறது. அது எங்கே உடைகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். சுலபமான உதாரணத்தில் எதுவும் உடையாது. நீயும் இதே பாடத்தை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டே ஆசிரியரைத் தலைவலி மாத்திரை வாங்கவைத்தவள். உனக்கா நான் இதை விளக்க வேண்டும்?

அறுபத்திரண்டு விடைத்தாள் திருத்தினேன். ஒரு பெண் பதிலே எழுதவில்லை. இரண்டு வரிதான்: ‘அடையாளம் காண்பதில்லை என்று யார் பார்த்துச் சொன்னது? எத்தனை நாள் கூட இருந்து பார்த்தார்?’ கேட்டதற்குப் பதில் இல்லை, பூஜ்யம் போட்டேன். அறைக்கே வந்து சண்டை. “சார், கேள்வியே தப்பா இருந்தா பதில் எப்படி சார் சரியா வரும்?”

உன் வாரிசு எங்கிருந்தோ என் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வாத்தியார்


பிப்ரவரி 26

வாத்தியாருக்கு,

அந்தப் பெண்ணுக்குப் பத்து போடு.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பாப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா, இதுக்கா அவருக்குச் சம்பளம் குடுக்குறாங்க? கேள்விய அங்க வச்சுக்கிட்டு என்ன பண்றாரு? பதிலு இங்க படுத்திருக்கு. பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு.”

“அவ்வளவு சுலபம் இல்லக்கா.”

“ஆமா, படிச்சவங்களுக்கு எதுதான் சுலபம்!”

உன் வரையறையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். காலைப் பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். தன்னை அறியவில்லை, நேற்றை நினைக்கவில்லை, காரணம் சொல்லவில்லை. இருபது நிமிடம் நான் நபர் இல்லை. என் நிறுத்தம் வந்ததும் நடத்துநர் தோளைத் தட்டி எழுப்பினார். யாரை எழுப்பினார்?

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி. சீட்டு ஒட்டாத குழாயைக் கொட்டிவிட வேண்டும். யாருடையது என்று தெரியாத ரத்தத்தைச் சோதித்துப் பயனில்லை. நீ சீட்டைக் கிழித்துவிட்டுச் சோதிக்கச் சொல்கிறாய். உன் தாளில் அவள் ‘குழந்தை ஒன்று’. அது.

போன வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே, “வீட்ல எத்தனை பேரு?” என்றார். மூன்று என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். விடுபட்டது பாப்பா இல்லை.

இன்னொன்று. பெற்றோர் என்றால் இரண்டு பேர். நான் கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தத்துக்கே அவள் இடது கை மெத்தையிலிருந்து எழும்பும். தபால்காரர் தள்ளினால் எழும்பாது. என்னை ஏன் உன் கேள்விக்குள் இழுத்தாய்?

முதல் பெஞ்சு


மார்ச் 6

முதல் பெஞ்சுக்கு,

பூஜ்யத்தை அடித்து ஐந்து போட்டேன். பத்து என் கையில் இல்லை. துறைத்தலைவர் ஐந்துக்கே முறைக்கிறார்.

நீ இரண்டு என்று சொன்னதற்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வந்தது இதுதான்.

போன மே மாதம் வந்தபோது இரண்டு நாள் இருந்தேன். நான் பக்கத்தில் போய் உட்காரும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலை இழுத்துப் போட்டு மறுபக்கம் போனேன். அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டாள். நீ சமையலறையில் இருந்தாய். உனக்குத் தெரியாது. திரும்பி வரும் பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது கோபம் இல்லை, கோபப்படுவதற்கு ஆளைத் தெரிய வேண்டும், அவளுக்கு யாரையும் தெரியாது என்று. அப்படிச் சொல்லிக்கொண்டதால்தான் ஊர் வந்து சேர முடிந்தது. எட்டு மாதம் கழித்து அது ஏழாம் கேள்வியாக வந்து விழுந்திருக்கிறது.

பூட்ஸ் தைப்பவர் இருபதாம் தேதிக்குமேல் மூன்று மாதம் ஊரில் இருக்க மாட்டார். வலது காலை மறுபடி வரைந்து உடனே அனுப்பு.

வாத்தியார்


மார்ச் 12

வாத்தியாருக்கு,

சமையலறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்கு நேரெதிரே இருப்பது தெரியாது. கண்ணில் கோளாறு இல்லை. மூளை அதை வாங்குவதில்லை. ஓரத்தில் இருப்பதுதான் தெரியும். அதனால் எதையாவது பார்க்க வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணோரத்தால் பார்ப்பாள். பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள்: “பாப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, உங்களத்தான் பாக்குறான்னு அர்த்தம்.” நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பே சொன்னாள்.

அந்த இரண்டு நாளும் அவள் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டிலின் இந்தப் பக்கமும். அந்தப் பக்கமும்.

நான் சொல்லவில்லை. நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே என்ற ஆத்திரத்தில் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு அந்த ஆத்திரம் பழகிவிட்டது. காரணம் சொல்கிறவர்தான் நபர் என்றாய். இதற்கு என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை.

நேற்று வலது காலை வரைந்தேன். பென்சில் விரலிடுக்கில் போனபோது கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் கோடு கோணிவிட்டது.

அதை உனக்கு அனுப்பப் போவதில்லை. இருபதாம் தேதிவரை நாள் இருக்கிறது. பேருந்து தினமும் ஓடுகிறது. நீயே வந்து வரைந்து எடுத்துக்கொண்டு போ. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்.

முதல் பெஞ்சு


மார்ச் 23

வாத்தியாருக்கு,

இருபதாம் தேதி போய்விட்டது.

வியாழக்கிழமை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் கை எழும்பவில்லை. நான்தான் எழுந்து ஓடினேன். தபால்காரர். பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தை மாற்றிப் போட வந்திருந்தார்.

“அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோம்மா” என்றாள் அக்கா. உனக்காகக் காரணம் சொல்ல இந்த வீட்டில் இன்னும் ஒரு ஆள் இருக்கிறது.

நான் வரைந்த கால் படத்தை ஏழாம் கேள்வியோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்தேன். இன்று காலை வலது பூட்ஸின் முன்பக்கத்தைக் கத்தியால் வெட்டினேன். கட்டைவிரல் வெளியே வந்தது. அவளுக்கு மாட்டி, வாரை இறுக்கிவிட்டு, வேலைக்குக் கிளம்பினேன்.