பாலத்தடியில் கழன்ற செயின்

இஞ்சேருங்க,

ஆமி பிடித்துக்கொண்டு போன என் தம்பியைப் பற்றிக் கேட்க முகாம் வாசலுக்கு நடந்து போகிறேன். சோறும் மீன் சொதியும் அடுப்படியில் மூடியிருக்கின்றன.

சைக்கிளைத் தொடாதீர்கள். பிறேக் கட்டை கிடைக்கவில்லையென்று பின்சில்லுப் பிறீவீலைத் தனியே சுழலாமல் ஒட்டவைத்தீர்கள். இப்போது பெடலைப் பின்னுக்கு அழுத்தித்தான் நிற்பாட்ட வேண்டும். செயின் ஒல்லி, முன்சக்கரப் பல் தடிப்பு. பல்லில் இறங்காது என்று அன்றைக்கே சொன்னேன். “ஓடும், நீ சும்மா இரி” என்றீர்கள். நேற்றுக் கல்லடிப் பாலத்தடியில், ஆமி காவல் நிற்கும் சென்றியில் செயின் கழன்றது. மறித்தும் நிற்க முடியாமல் போனோம். ஆமிக்காரன் துவக்கைத் தூக்கியதைக் கரியரில் இருந்த நான் பார்த்தேன்.

பின்னேரம் நான் வராவிட்டால் தேடி வராதீர்கள்.

பவளம்

வருவீர்கள் என்று தெரியும். அதனால் செயினைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டேன். நடந்து வந்தால், நில் என்றால் நிற்கலாம்.