இடையூறு எதுவும் இல்லை

இஞ்சியோன்,
அக்டோபர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உன்சோல் எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்கேன், வேலை நல்லாப் போகுது, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். ஜேஜு தீவில் காற்று பலமாக இருக்குமே. அம்மா வறுத்த நெத்திலி அனுப்பியிருக்கிறாள். எல்லாவற்றையும் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்களும் நானும் வேலை பார்க்கும் கம்பி கட்டும் கம்பெனி, கட்டடம் எடுத்த பெரிய கம்பெனியிடம் கேட்கிற இழப்பீடு பதினான்காம் தேதி சியோலில் நடுவர் முன் வருகிறது. கோப்பு தயாரிப்பது நான்தான். முதல் கட்டடத்தில் நீங்கள் எட்டுப் பேரும் நாளுக்கு ஐந்து டன் கம்பி கட்டினீர்கள். இரண்டாவதில் அதே எட்டுப் பேரால் மூன்று டன்கூட முடியவில்லை. வரைபடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், சென்ட்ரிங் பலகை அடிக்காத தளத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்கிறோம் நாங்கள். மேஸ்திரியின் ஆட்கள் மந்தம் என்கிறது பெரிய கம்பெனி. அதற்கு அவர்கள் காட்டுவது உங்கள் கையெழுத்தை. இரண்டாவது கட்டடத்தின் அறுபத்தொரு நாள் வேலைக் குறிப்பிலும் கடைசி வரி ஒன்றேதான்: இடையூறு எதுவும் இல்லை.

முந்தைய அமர்வில் அவர்கள் அதை உரக்க வாசித்தபோது நான் தலை நிமிரவில்லை. அந்த மேஸ்திரியின் மகள் நான் என்று எதிர்த்தரப்பில் யாருக்கும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பா.

போன வாரம் கேன்டீன் சித்தியைப் போய்ப் பார்த்தேன். தினமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் உங்களுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுவந்தவர். "உங்கப்பா ஆளுங்களைத் தேடித் தேடியே என் செருப்பு தேஞ்சுபோச்சுடி! கூடையோட ஏழாவது மாடி ஏறினா, அந்தக் கட்டடத்துக்கு அனுப்பிட்டாங்கம்பாங்க. மந்தமாம்! சொன்னவனை என் கூடையைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் ஏறச் சொல்லு" என்றார். பழைய கிம்ச்சி ஊறுகாய் டப்பா நிறைய, ரொட்டி கொடுத்த கணக்குச் சீட்டு வைத்திருந்தார். எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணி, எல்லாம் இருக்கிறது. அறுபத்தொரு நாளில் நாற்பத்து நான்கு நாள், காலையில் நீங்கள் இருந்த இடம் வேறு, மாலையில் வேறு.

எங்கள் பிரிவுத் தலைவர் பியோ சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் போதாதும்மா. ஏன் அப்படி எழுதினாருன்னு அவரே வந்து சொல்லணும்" என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கல்லூரி விடுமுறையில் ஒருமுறை கேட்டபோது, "குறை எழுதுறவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்" என்றீர்கள். அந்த நான்கு வருடமும் ஞாயிறுதோறும் போனில் என்னிடமும் அதே 'இடையூறு எதுவும் இல்லை' வரியைத்தான் சொன்னீர்கள். ஒரு சீட்டில் சித்தி எழுதியிருக்கிறார்: ஐஸ் ஒரு பை, மேஸ்திரி முழங்காலுக்கு. அந்தத் தேதியைப் பார்த்தேன். என் கல்லூரிக் கடைசித் தேர்வு வாரம் அது.

வாருங்கள், அப்பா. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அம்மா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டாள். நான் உங்களுக்குப் பின் வரிசையில் இருப்பேன். நான் யார் என்று கேட்டால், இந்த முறை எழுந்து நின்று சொல்வேன்.

உடனே பதில் எழுதுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். கடைசியில் அந்த வரி மட்டும் வேண்டாம்.

உங்கள் மகள்,
மா உன்சோல்